பழைய எஸ்டீம்: பெட்ரோல் பிரஷர் பார்ப்பதும் கியர் ஆயில் மாற்றுவதும்

பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். என் 2004 மாருதி எஸ்டீம் கார் பாதி வழியிலேயே திணற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. இரண்டாவது கியருக்கு இறக்கும்போதெல்லாம் ‘கறுக்’ என்று ஒரு சத்தம் வேறு. பின்னால் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கோபியிலிருந்து சத்தி வரைக்கும் சமதளத்தில் அதே வண்டி வெண்ணெய் மாதிரி ஓடி வந்திருந்தது. அதுதான் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது.

இரண்டு கோளாறையும் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) முன்னால் இருக்கும் சிமெண்டுக் களத்தில் வைத்தே கண்டுபிடித்தேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். போனட் திறக்கவும் ஜாக்கி போடவும் தெரிந்தவர்களுக்கான பதிவு இது.

முதலில் பெட்ரோல் பிரஷர்

‘பிரஷரை டியூன் பண்ணித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் சற்று யோசியுங்கள். எம்.பி.எஃப்.ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி) திருகி வைக்க எதுவும் கிடையாது. டேங்க்கில் பம்ப், வழியில் ஃபில்டர், எஞ்சின் மேல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். மிஞ்சும் பெட்ரோல் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டேங்க்குக்கே திரும்பிவிடும். கம்பெனி வைத்த அளவுக்குப் பிரஷரைத் திரும்பக் கொண்டுவருவது மட்டும்தான் நம் வேலை.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கையில் எல்.இ.டி டார்ச் போதும், ஒயர் போட்ட குண்டு பல்பு வேண்டாம். பீடி பிடிக்கிற பங்காளி பக்கத்தில் நின்றால் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து வரச் சொல்லிவிடுங்கள்.

லைனில் இருக்கும் பிரஷரை முதலில் இறக்க வேண்டும். ஃப்யூவல் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரம் ஓடித் தானாக நின்றுவிடும். இன்னும் இரண்டு முறை செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அப்புறம் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸில் டி-ஜாயிண்ட் (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு பிரஷர் கேஜை மாட்டுங்கள். மூட்டின் அடியில் ஒரு துணி இருக்கட்டும், எப்படியும் நாலு சொட்டு வடியும்.

இதற்கு இன்ஜெக்‌ஷன் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் வண்டிக்குப் போடும் சாதா ட்யூப் இந்தப் பிரஷருக்குத் தாங்காது. கோவை போகிற வேலை இருந்தால் காந்திபுரம் நஞ்சப்பா ரோட்டு ஸ்பேர்ஸ் கடைகளில் விசாரியுங்கள். கிளாம்ப் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்: பல் வைத்த சாதாரண கிளாம்ப் ஹோஸை அறுத்துவிடும், உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்தான் வேண்டும்.

ரிலேயையும் பேட்டரியையும் மாட்டிவிட்டுச் சாவியை ‘ஆன்’ வரைக்கும் மட்டும் திருப்புங்கள். பம்ப் மூன்று விநாடி போல ஓடி நிற்கும். ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று நாலு முறை. ஒரு மூட்டிலும் கசிவில்லை என்று பார்த்த பிறகு கேஜைப் பாருங்கள்.

எஸ்டீமுக்கு, எஞ்சின் ஓடாதபோது சதுர சென்டிமீட்டருக்கு 2.7 முதல் 3.1 கிலோ வரை இருக்க வேண்டும் (கேஜ் பி.எஸ்.ஐயில் இருந்தால் 38 முதல் 44). ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, 2.1 முதல் 2.6. ஐடிலில் ஏன் குறைகிறது என்று பயப்பட வேண்டாம். ரெகுலேட்டர் தலையில் ஒரு சின்ன வாக்குவம் ஹோஸ் இருக்கிறது, எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் வரும் வாக்குவம் அரை கிலோ போலக் குறைத்துவிடும். ஐடிலில் அந்த ஹோஸைப் பிடுங்கினால் முள் மேலே ஏற வேண்டும். பிடுங்கிய ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கிறது, வேறு சோதனையே தேவையில்லை.

என் வண்டியில் 2.8, ஐடிலில் 2.4. கச்சிதம். ‘அப்போ பெட்ரோல் பக்கம் கோளாறு இல்லை’ என்று முடிவு கட்டினேன். ஸ்பார்க் ப்ளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னதைக் கேட்டுப் புது ரெகுலேட்டரும் வாங்கினேன். மறுபடியும் திம்பம், மறுபடியும் திணறல்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கேஜ் காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. தோட்டத்து மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபுட் வால்வு சல்லடையில் பாசி அடைத்திருந்தாலும், கேட் வால்வை மூடி வைத்தால் கேஜில் பிரஷர் நன்றாகத்தான் காட்டும். திறந்து தண்ணீர் விட்டால்தான் வாய்க்காலில் பாதி கூட வராதது தெரியும். சமதளத்தில் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் கொஞ்சம்தான், அடைத்த லைனே அதற்குப் போதும். ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் கேட்கும்போது வரத்து பற்றாது.

ஆகவே அளவையும் பாருங்கள். லைன் பிரஷரை முன்போல இறக்கிவிட்டு, ரெகுலேட்டரின் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, அந்த வாயில் வேறொரு ஹோஸ் மாட்டி, மறுமுனையை எஞ்சினிலிருந்து தள்ளி ஒரு தகர கேனுக்குள் விடுங்கள். ரிலேயைத் திரும்ப மாட்டிச் சாவியைப் பத்து முறை ஆன் செய்தால் ஏறக்குறைய 30 விநாடி பம்ப் ஓடியிருக்கும். நல்ல பம்ப் அதற்குள் அரை லிட்டராவது தள்ள வேண்டும். எனக்கு வந்தது ஒரு டீ கிளாஸ்.

ஃபில்டரை மாற்றினேன் (அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்). பழையதைக் கவிழ்த்தபோது காபி டிகாஷன் நிறத்தில் வந்தது. அளவு கால் லிட்டரானது, அதுவும் போதாது. மீதி அடைப்பு டேங்க்குக்குள் பம்பின் சல்லடையில். டேங்க்கைத் திறக்கிற வேலையை நான் வீட்டில் செய்யவில்லை, நீங்களும் செய்ய வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சல்லடையை மாற்றிய பின் அரை லிட்டரைத் தாண்டியது.

திருகிப் பிரஷர் கூட்டும் ரெகுலேட்டர் ஒன்று விற்கிறார்களே, அதைப் போட்டால் என்ன என்று மச்சான் கேட்டார். பிரஷரைப் பத்து சதவீதம் ஏற்றினால் இன்ஜெக்டரில் பெட்ரோல் ஐந்து சதவீதம் போலத்தான் கூடும். சீராக ஓடும்போது புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதையும் கண்டுபிடித்துக் குறைத்துவிடும். மைலேஜைக் கெடுக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

அடுத்தது கியர் ஆயில்

இது மேனுவல் கியர்பாக்ஸுக்கு. வேண்டியது 75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜிஎல்-4 (ஆயிலின் ரகம்), இரண்டரை லிட்டர் போல. ‘ஜிஎல்-5 இன்னும் உசத்தி’ என்று கடையில் சொல்வார்கள். லாரியின் பின் டிஃபரன்ஷியலுக்கு அது உசத்திதான். நம் கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன; கியர் மாறும்போது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்துவது இவைதான். ஜிஎல்-5இல் கூடுதலாக இருக்கும் கந்தக ரசாயனம் அவற்றை அரிக்கக்கூடும். வளையம் பிடிக்கிற பிடி குறைந்தால் கியர் ‘கறுக்’ என்னும். முன்பு ஒருமுறை என் வண்டியில் யாரோ அதைத்தான் ஊற்றியிருந்தார்கள்.

வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு, நாலு சக்கரத்தையும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஆயில் மட்டம் பொய் சொல்லும். களம்தானே, மட்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மழைத்தண்ணி வழிய ஒரு பக்கம் வாட்டம் விட்டுப் பூசியிருக்கிறார்கள்! இரண்டு ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வைத்துச் சரிக்கட்டினேன்.

இனி முக்கியமான இடம். கீழே ஆயில் வடிக்கும் டிரெய்ன் ப்ளக், பக்கவாட்டில் ஊற்றும் ஃபில்லர் ப்ளக். நான் ஆர்வத்தில் கீழே இருப்பதை முதலில் திறந்து மொத்தத்தையும் வடித்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் ஃபில்லர் ப்ளக் அசையவே இல்லை. ஸ்பேனர் நழுவி அதன் தலை உருண்டையாகிவிட்டது. கியர்பாக்ஸ் காலி, ஊற்ற வழியில்லை, வண்டி நாலு ஸ்டாண்ட் மேல். பக்கத்து ஊர் மேஸ்திரியை வண்டி அனுப்பிக் கூட்டிவந்தேன். குனிந்து பார்த்தவர் கேட்டார்: “ஏனுங் தம்பி, ஊத்தற ஓட்டை தொறக்குதான்னு பாக்காமயே காலி பண்ணிட்டீங்ளா?” தலையைச் சுற்றி ஒரு நட்டை வெல்டு வைத்துத்தான் கழற்றினார்.

எனவே ஃபில்லர் முதலில். அது கழன்றால்தான் கீழே கை வைக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரியே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். ப்ளக்கின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் சாக்கெட் வேண்டும்; அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். ப்ளக்கில் காந்தம் இருந்தால் சாம்பல் நிறச் சகதி ஒட்டியிருக்கும், அது வழக்கமான தேய்மானம். செதிலோ பல் துண்டோ கிடந்தால் புது ஆயில் உதவாது, பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

டிரெய்ன் ப்ளக்கைப் புது வாஷரோடு மூடுங்கள். பாக்ஸ் அலுமினியம், பலம் காட்டினால் மரை போய்விடும். போனட் பக்கமிருந்து நீள ட்யூபும் புனலும் வைத்து ஊற்றுங்கள். மெதுவாகத்தான் இறங்கும், ஆயில் பாட்டிலைச் சற்று நேரம் வெந்நீரில் வைத்தால் சுலபம். ஃபில்லர் ஓட்டையின் விளிம்பிலிருந்து ஆயில் வழிந்து, சொட்டுச் சொட்டாக ஆனதும் ப்ளக்கை மூடிவிடலாம்.

பழைய ஆயிலை வாய்க்காலில் விடாதீர்கள். எங்கள் அப்பச்சி கரையானுக்காக வேலிக் கம்பத்தின் அடியில் பூசுவார். நான் ஒர்க்‌ஷாப்பில் பேரல் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்த ஒருவர் இதையே ஆட்டோமேட்டிக் வண்டிக்குச் செய்யலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. அதற்கு ஏ.டி.எஃப் என்ற வேறு ஆயில், மட்டம் பார்க்கும் முறையும் வேறு. இன்னொருவருக்குக் கேஜ் கழற்றிய இரண்டாம் நாள் பெட்ரோல் வாடை. பழைய ஹோஸையே திரும்ப மாட்டியிருக்கிறார். இருபது வருட ரப்பர், மடக்கினால் வெடிப்பு தெரியும். கழற்றின ஹோஸ் எதுவானாலும் புதிது போடுங்கள்.

திம்பத்தில் இப்போது இரண்டாவது கியரிலேயே ஏறுகிறது. காலைக் குளிரில் முதல் முறை மட்டும் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. சிங்க்ரோ ஏற்கெனவே தேய்ந்தது தேய்ந்ததுதான்.