டிடிபி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் படிப்பு) சேரும் பலரும் முதலில் ஓடுவது போட்டோஷாப் பக்கம்தான். ஐ.டி.ஐ.யில் இது ஓராண்டுப் பயிற்சி. அந்த ஓராண்டும் படத்துக்கு எஃபெக்ட் போட்டே கரைந்துவிடுகிறது. அச்சகத்தில் போய் நின்றால் கேட்பது வேறு: என்ன பேப்பர், எத்தனை கலர், வெட்டுக்கு இடம் விட்டாயா?

அதிகம் சறுக்குவது தமிழ் எழுத்தில். கல்யாண வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெயர்கள் யூனிகோடில், அதாவது போனுக்கும் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் இருக்கும். கடைக் கணினியிலோ பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்கள். பாமினியில் திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதனால் எழுத்துருவை மட்டும் மாற்றினால் எல்லாம் உளறலாகிவிடும். கன்வெர்ட்டரில் போட்டு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். 2001-ல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள் பேஜ்மேக்கர் 7.0-க்கு யூனிகோட் தெரியாது, அதற்கு அடுத்த பதிப்பும் வரவில்லை. இன்னமும் அதை மட்டுமே கற்றுக்கொண்டு வெளியே வருவது வீண். பக்க வடிவமைப்புக்கான இன்டிசைன் மென்பொருளில் கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துரு மேல் பழி போடாதீர்கள். பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது படத்தின் அளவு. 1,600 பிக்சல் அகலமுள்ள படம் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஐந்தங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். ஏ4 முழுக்க நிரப்ப 2,480-க்கு 3,508 பிக்சல் வேண்டும். 72 என்று இருக்கும் இடத்தில் 300 என்று தட்டிவிட்டால் படம் பெரிதாகுமே தவிர, தெளிவு எங்கிருந்து வரும்? வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்; போட்டோவை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பிளெக்ஸுக்கோ இதே விதி தலைகீழ். பத்தடி பேனரை 300-ல் திறந்தால் 36,000 பிக்சல், கணினி படுத்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு 72-ஏ தாராளம்.

நிறத்தில், மாம்பழ லேபிளின் மஞ்சளைவிட அதன் பின்னணிப் பச்சைதான் ஏமாற்றும். திரையில் பளிச்சென்று மின்னும் பச்சையும் நீலமும் சிஎம்ஒய்கேயில் (அச்சின் நான்கு மை: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மங்கிப்போகும். வேலையைத் தொடங்கும்போதே சிஎம்ஒய்கேயில் பார்த்துவிட்டால் வாடிக்கையாளரிடம் வீண் வாக்குவாதம் இருக்காது. அப்புறம் அந்தக் கறுப்பு. திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறையில் உள்ள கறுப்பை அப்படியே சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் நான்கு மையும் கலந்துவிடும். பிளேட் (அச்சுத் தகடு) ஒரு மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்துக்குப் பின்னால் நிழல் தட்டும். பத்தி எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் போதும்.

ஓரம் வரை நிறம் வந்தால் வெட்டுக்காக நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறம் விடுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி வாத்தியார்களுக்கு அலுத்துவிட்டது.

அச்சகத்தில் எழுத்துரு இல்லாமல் போனாலும் கெடாதபடி எழுத்தை வளைவுகளாக (வெறும் வடிவங்களாக) மாற்றி அனுப்பும்போது, பிறகு அதைத் தட்டித் திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள். முகூர்த்த நேரம் கடைசி நிமிடத்தில் மாறும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் தெலுங்கும் கன்னடமும்கூட வரும். உங்களுக்குப் படிக்கத் தெரியாத வரிகளை நீங்களே சரி என்று விட்டுவிடாதீர்கள்; ப்ரூஃபை அச்சடித்து, அந்த வீட்டாரிடம் படிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகே பிளேட்டுக்கு அனுப்புங்கள்.