பூச்சியின் திறன் யாருடையது? இணைவாழ் பாக்டீரியாவின் பங்கைச் சோதித்தறியும் முறை

ஒரு பூச்சிக் கூட்டத்தில் சில மட்டும், பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிக்குத் தப்பிப் பிழைத்தால், அதற்குக் காரணம் அவற்றின் சொந்த மரபணுவாகவும் இருக்கலாம், உடலுக்குள் வாழும் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். தப்பியவற்றில் ஒரு பாக்டீரியா காணப்படுவது குறிப்பு மட்டுமே. அதை நீக்கியதும் திறன் மறைந்து, மீண்டும் சேர்த்ததும் திரும்பினால்தான் அது சான்றாகும்.

இச்சோதனைக்கு, தாவரச் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சியான பட்டாணி அசுவினி மிகவும் ஏற்றது. பெண் அசுவினி ஆணின்றியே பெண் குஞ்சுகளை ஈனுவதால், ஒரே தாயின் வழியில் வளர்த்த கூட்டத்தில் மரபணு வேறுபாடு ஏறத்தாழ இராது. முதலில் சிலவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, எந்தெந்த பாக்டீரியா உள்ளன என்று, குறிப்பிட்ட டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை மூலம் உறுதிசெய்யுங்கள். புக்னெரா எனும் பாக்டீரியா எப்போதும் இருக்கும். தாவரச் சாற்றில் போதாத அமினோ அமிலங்களை அதுவே ஆக்கித் தருவதால், அதற்கு ஊறு நேர்ந்தால் அசுவினியின் வளர்ச்சி குன்றிவிடும், பிறகு எந்த ஒப்பீடும் செல்லாது. எனவே புக்னெராவை அழிக்கும் ரிஃபாம்பிசின் எனும் நுண்ணுயிர்க்கொல்லியைத் தவிர்த்து, ஆம்பிசிலின் போன்ற மருந்தால், குளவியிடமிருந்து காப்பதாக நாம் சோதிக்கும் ஹாமில்டோனெல்லா எனும் பாக்டீரியாவை மட்டும் நீக்குங்கள். மருந்தின் பாதிப்பும் தாயிடமிருந்து குஞ்சுகளுக்குத் தொடரக்கூடும் என்பதால் பல தலைமுறைகள் காத்திருந்து, மறுபடி பிசிஆர் செய்த பிறகே குளவிகளை விடுங்கள். பொறுமை இழந்து இந்த இடைவெளியைக் குறைப்பதே சோதனையை வீணாக்கும் பெரும் பிழை என்று கருதுகிறேன்.

பாக்டீரியா உள்ள அசுவினியின் உடல்நீரை நுண்ணூசியால் எடுத்து, நீக்கப்பட்டவற்றுக்குச் செலுத்தினால், பாக்டீரியா உள்ளவை, நீக்கப்பட்டவை ஆகியவற்றோடு மூன்றாவது குழு கிடைக்கும். மூன்று குழுக்களிலும் குளவிப் புழு உள்ளே வளர்ந்ததால் இறந்து வெறும் கூடாக, அதாவது மம்மியாக, ஆகிப்போன அசுவினிகளை எண்ணுங்கள். ஹாமில்டோனெல்லா இருந்தும் பாதுகாப்பு கிட்டாவிட்டால் திகைக்க வேண்டாம்: குளவிப் புழுவைத் தாக்கும் நச்சுகளுக்கான மரபணுக்கள் பாக்டீரியாவுக்குள் இருக்கும் ஏபிஎஸ்இ எனும் வைரஸில் உள்ளன, அந்த வைரஸ் தொலைந்தால் காப்பும் தொலையும். ஆகவே வைரஸையும் தனியே சோதியுங்கள்.

பரிணாமத்தைக் காண, பாக்டீரியா உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் கலந்து, குளவி உள்ள கூண்டிலும் இல்லாத கூண்டிலும் பல தலைமுறைகள் வளர்த்து விகிதத்தைக் கணக்கிடுங்கள். 2008இல் வெளியான இத்தகைய ஆய்வில், குளவி இருந்த கூண்டுகளில் பாக்டீரியா தாங்கிய அசுவினிகளின் பங்கு விரைவாக உயர்ந்தது.

மருந்தே வேண்டாத வழியும் உண்டு. மெகாகோப்டா பேரின நாவாய்ப்பூச்சிகள் முட்டைகளுக்கு அடியில் பாக்டீரியா நிறைந்த சிறு பொதிகளை இடுகின்றன. பொரித்த குஞ்சுகள் அவற்றை உறிஞ்சிக்கொள்கின்றன. 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இரு இனங்களின் பொதிகளை இடம்மாற்றி வைத்தபோது, சோயாவில் செழித்த இனத்தின் முட்டைகள் பொரிப்பது குறைந்தது; சோயாவில் திணறிய இனமோ அங்கே இயல்பாகப் பெருகியது.