பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) மாட்டுவது எப்படி?

முதல் நாள் இரவே மேனிஃபோல்டை (எஞ்சின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் பாகம்) பிடித்திருக்கும் ஸ்டட்களில் (மரையுள்ள கம்பிகள்) துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். பல வருஷம் சூட்டில் வெந்த நட்டை அவசரமாகத் திருகினால் ஸ்டட் முறிந்து, எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். குழாய்க்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் என் தேர்வு. ரொம்பப் பெரிய குழாய் வேண்டாம், சின்ன எஞ்சினில் புகை வெளியேறும் வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம்மில் (எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது) இழுவை போய்விடும்.

இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். குழாயைப் பிடிக்கும் கிளாம்புகளை முதலில் தளர்வாகவே விட்டு, குழாய் எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்து, அப்புறம் முன்னாலிருந்து பின்னாக இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, ஆறியதும் மறுபடி ஒருமுறை.

புது எக்ஸாஸ்ட்டால் எஞ்சினில் காற்று, பெட்ரோல் கலவை மாறியிருக்கலாம், அதனால் கடைசியாக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பாருங்கள்: வெளிர் பழுப்பு என்றால் சரி, வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைச் சரிசெய்யாமல் விரட்டி ஓட்டினால் பிஸ்டனே உருகலாம்.