நீலகிரியில் நீலக்கல் நகை வாங்கும் முன்

உதகைக்கோ குன்னூருக்கோ விடுமுறையில் வரும் நம்மவர்கள், தேயிலையும் தைலமும் வாங்கிய கையோடு நகைக்கடைக்குள் நுழைந்து, சனிப்பெயர்ச்சிக்கென்றோ பெண்ணின் கல்யாணத்துக்கென்றோ நீலக்கல் மோதிரம் பார்ப்பதுண்டு. இங்கே விற்பனைக்கு வைத்திருப்பவை பெரும்பாலும் இலங்கையின் இரத்தினபுரி, மடகாஸ்கர் முதலிய இடங்களிலிருந்து வந்தவை. காஷ்மீரின் பாடர் பகுதியில் 1880களில் கிடைத்த புகழ்பெற்ற நீலம் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டதால், ‘காஷ்மீர் நீலம்’ என்று சொல்லிச் சல்லிசாகக் காட்டுபவரிடம் ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள்.

மஞ்சள் விளக்கின் கீழ் நீலத்தின் உண்மை நிறம் தெரியாது. கல்லை வாசலுக்குக் கொண்டுவந்து, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேகம் கவிந்த மலைப்பகல் இதற்கு மிகவும் தோதானது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் மெல்லிய ஊசிகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிக்கொண்டு பட்டிழைபோல் தெரிந்தால், அது இயற்கைக் கல்லுக்கு நல்ல அடையாளம். வில்போல் வளைந்த வரிகளோ உருண்டைக் குமிழிகளோ தென்பட்டால், செயற்கைக் கல்லென்றே சந்தேகிக்க வேண்டும். செயற்கைக் கல்லும் இயற்கை நீலத்தைப் போலவே குருந்தம் என்ற கனிமம்தான், மோஸ் என்ற கடின அளவுகோலிலும் அதே 9தான் என்பதால், உரசிப் பார்ப்பதில் பயனில்லை. செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுவதில் திருச்சி நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. செயற்கைக் கல்லை அந்தப் பெயரிலேயே, அதற்குரிய விலையில் விற்பதில் குற்றமில்லை.

நிறம் கூட்டச் சூடேற்றுவது உலகெங்கும் ஏற்கப்பட்ட வழக்கம். ஆனால் சூடேற்றாத நல்ல கல்லுக்கு விலை பல மடங்கு கூடும் என்பதால், இரண்டில் எது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விரிசல்களில் நீலக் கண்ணாடி நிரப்பிய கல்லைத் தவிர்த்துவிடுவதே என் யோசனை. பொற்கொல்லரின் அமிலமும் பற்றவைக்கும் சூடும் பட்டால் அந்தக் கண்ணாடி கெட்டுவிடும்.

நகையில் பின்புறத்தை மூடிப் பதித்த கல்லின் அடியில் வண்ணத்தகடு வைத்திருக்கலாம் என்பதால், கல்லைத் தனியாக வாங்கி, ஜெய்ப்பூரிலோ மும்பையிலோ உள்ள அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை வந்த பிறகு, கோவையில் பின்புறம் திறந்திருக்கும்படி பதித்துக்கொள்வதே நல்லது. விடுப்பு குறைவாக இருப்பவர்களுக்கு இது சிரமம்தான். ஆனால் அவசரத்தில் வாங்கும் பெரிய கல்லைவிட அறிக்கையோடு வரும் சிறிய கல் மேல்.

ஹால்மார்க் முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி என்ற நகையின் தனி அடையாளக் குறியீடும் தங்கத்துக்கு மட்டுமே உத்தரவாதம். கல்லின் எடையில் ஒரு காரட் என்பது 0.2 கிராம்; பில்லில் கல்லின் எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய நகையை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே கல்லை மாற்றுபவர்கள், புறப்படும் முன்பே அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, இரு நாட்டுச் சுங்க விதிகளையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பில்லும் அறிக்கையும் கைப்பையில் இருக்கட்டும்.