ஐப்பசி மாதச் சாப்பாட்டு மேசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒக்டோபர் பிறந்தால் கனடாவில் இருக்கிற அக்காமாரிடமிருந்து படங்கள் வரத் தொடங்கிவிடும். அந்த மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை அங்கே நன்றி நவிலும் நாள். மேசை நடுவில் செம்மஞ்சள் பூசணி, சுற்றிவரச் சிவந்த மேப்பிள் இலை, இரண்டு பக்கமும் மெழுகுதிரி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அதைப் பார்த்துத் தங்கள் மேசையையும் அப்படி அடுக்கிப் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. ஊருக்கு வருகிற உறவுகளுக்காகச் செய்கிறவர்களும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் படத்தில் உள்ளதை அப்படியே இறக்கி வைக்கப் போகிற இடத்தில் காசும் போகிறது, மேசையும் கெடுகிறது.

முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். குளிர்நாட்டில் இலையுதிர்காலத்தில் பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அந்த நேரத்தில் இலையில் புதிதாக உண்டாகிறது. எங்களுக்கோ ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடகீழ்ப் பருவமழை இறங்கி, காய்ந்து கிடந்த வரம்பெல்லாம் பச்சை பிடிக்கிற நேரம், காலபோக விதைப்பு நடக்கிற நேரம். வெளியே எல்லாம் துளிர்க்கும்போது உள்ளே பிளாஸ்டிக் மேப்பிள் இலையைப் பரப்பி வைத்தால் அது ஒட்டவே ஒட்டாது. கடையில் அதற்குக் கொடுக்கிற காசுக்கு நல்ல பருத்தித் துணி ஒன்று வாங்கலாம். காய்ந்த இலை நிறம்தான் வேண்டுமென்றால் பனையோலைப் பெட்டி இருக்கிறது, சிறுபோகத்தில் எடுத்து வைத்த நெற்கதிர் இருக்கிறது, விழுவதற்கு முன் சிவக்கிற வாதுமை இலை இருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, மேசையின் நடுவை நிரப்புவது. எங்கள் வீட்டு மேசை ஆறடி நீளம், மூன்றடி அகலம். விருந்தாளிகள் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறியவற்றைச் சொல்கிறேன்: சோற்றுச் சட்டி, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, கீரை, வாழைக்காய்ப் பொரியல், சம்பல், சொதி, அப்பளம், மோர்மிளகாய், தண்ணீர்ச் செம்பு. நடுவில் நான் ஒரு சுளகு நிறையப் பூவும் காயும் அடுக்கி வைத்திருந்தேன். சொதிச் சட்டி வைக்க இடமில்லாமல் மாமி அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அம்மா வந்து சுளகைத் தூக்கி ஜன்னல் கட்டில் வைத்தார். அங்கே வைத்த பிறகுதான் அது அழகாகத் தெரிந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் நடு கறிச்சட்டிக்கு. அலங்காரம் மேசையின் ஒரு தலைப்பில், பக்கத்துச் சுவரில், ஜன்னல் கட்டில். மேசையிலேயே வைப்பதென்றால் ஒரு சாணுக்கு மேல் உயரம் வேண்டாம், எதிரில் இருப்பவரின் முகம் தெரிய வேண்டும். வலக்கைப் பக்கம் எதுவும் வேண்டாம். கையால் பிசைந்து சாப்பிடுகிற எங்களுக்கு அந்தப் பக்கம் வெளியாக இருக்க வேண்டும். வாழையிலையில் பரிமாறினால், நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்கும்படி வரிசையாகப் போட்டாலே பாதி அலங்காரம் முடிந்த மாதிரி.

அடுத்ததை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலையுதிர்காலப் படங்களில் இருக்கிற அந்த மஞ்சளும் நெருப்புச் சிவப்பும் வன்னியில் ஒரு பூவில் அப்படியே இருக்கின்றன. கார்த்திகைப்பூ. மழை தொடங்கியதும் வேலியில் கொடி ஏறிப் பூக்கும், அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக. பறித்து மேசையில் வைக்கத்தான் எவருக்கும் மனம் வரும். வைக்கக் கூடாது. அந்தச் செடி முழுவதிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். வற்றாளங்கிழங்கு என்று நினைத்து அந்தக் கிழங்கை அவித்துச் சாப்பிட்டு உயிர்விட்டவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். ஒருமுறை நான் ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டு மூன்று பூ வைத்திருந்தேன். ஓர் இதழ் கழன்று சம்பல் கோப்பையின் விளிம்பில் விழுந்து கிடந்தது. அப்பாச்சி ஒன்றும் சொல்லாமல் சம்பலை அப்படியே கொட்டிவிட்டு, போத்தலை வெளியே வைத்து, மேசையைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்தார். அந்தப் பூ வேலியிலேயே இருக்கட்டும்.

அலரியும் அப்படித்தான், மஞ்சள் அலரியும் அப்படித்தான். குன்றிமணியைக் கோத்து மேசைவிரிப்பின் ஓரத்தில் தொங்க விடுகிறார்கள், கண்ணாடிக் கிண்ணத்தில் பரப்பி நடுவில் மெழுகுதிரி நிறுத்துகிறார்கள். அதன் தோல் கடினம் என்பதால் முழுதாக விழுங்கினால் சிலவேளை அப்படியே வெளியேறிவிடும். கடித்தாலோ, கோப்பதற்காகத் துளையிட்டதை விழுங்கினாலோ உள்ளிருக்கும் நஞ்சு உடம்பில் சேரும். சின்னப் பிள்ளை தவழ்கிற வீட்டில் அது ஒன்றுகூட வேண்டாம். சிவப்பு வேண்டுமா, செவ்வரத்தை இருக்கிறது, வெட்சி இருக்கிறது. செவ்வரத்தையைத் தண்ணீரில் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு நாள்தான் தாங்கும். அதனால் போத்தலே தேவையில்லை, பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன் பறித்து இலை ஓரத்தில் வைத்தால் போதும். தாமரை பகல் விருந்துக்கு மட்டும், பொழுதுபட இதழ் கூம்பிவிடும். அதற்காகப் பிள்ளைகளைக் குளத்தில் இறக்க வேண்டாம், வன்னிக் குளங்களில் முதலை இருக்கிறது.

காட்டுக்குள் காய்ந்த கொப்பும் காயும் பொறுக்கப் போகிறவர்களும் கவனம். கண்ணிவெடிப் பலகை நிற்கிற பக்கம் ஓர் அடிகூட வைக்காதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து வருகிற இரும்புக் குழாய், கோது எதையும் பூச்சாடிக்கு ஆகும் என்று தூக்கி வராதீர்கள். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் அந்த வேலை முழுதாக முடியவில்லை.

பூசணிக்கு வருவோம். படத்தில் இருப்பதுபோல் வெட்டிக் குடைந்து முகம் செய்து உள்ளே விளக்கு வைத்தால் எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடித்து மணக்கும். காம்போடு, தோலில் கீறல் இல்லாத முழுக்காயாக வாங்கினால் நிழலில் வாரக் கணக்காக இருக்கும். ஒன்றை மற்றதோடு முட்டவிடாமல், அடியில் ஓலைத் தட்டோ தும்போ போட்டு வையுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, முறிந்தால் அந்த இடத்திலிருந்துதான் அழுகத் தொடங்கும். நெற்கதிரை மழைக்கு முன்பே தலைகீழாக நிழலில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். ஈரக் கதிரை மேசைக்குக் கொண்டுவந்தால் பூசணம் மணக்கும். காய்ந்ததும் மணி உதிரும், எறும்பு வரும், அதனால் அதற்கு இடம் சுவர்தான்.

மழை விட்ட இரவில் விருந்து வைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள், ஈசல். மேசைக்கு நேர் மேலே பளிச்சென்று விளக்கு, கீழே நான்கு மெழுகுதிரி என்றால் பத்து நிமிடத்தில் சொதிக்குள் சிறகு மிதக்கும். மேசை விளக்கை மங்கலாக்கிவிட்டு, முற்றத்தில் ஒரு பிரகாசமான விளக்கைப் போட்டு, அதன் கீழே அகலச் சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஈசல் அங்கே போகும். சிரட்டையில் மெழுகுதிரி நிறுத்துவது பார்வைக்கு நல்லது, ஆனால் காய்ந்த சிரட்டை நன்றாகப் பற்றும், பாதிக்கு மேல் மணல் நிரப்பித்தான் நிறுத்த வேண்டும். வாசனை மெழுகுதிரி சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. மீன் குழம்பு மணக்க வேண்டிய இடத்தில் வனிலா மணந்தால் யாருக்குப் பசிக்கும்?

விரிப்புக்குப் பழைய பருத்திச் சேலையே போதும். நைலெக்ஸ், பொலியெஸ்ரர் எல்லாம் நெருப்புப் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், விளக்கு வைக்கிற மேசைக்கு வேண்டாம். கரைப் பகுதியை மட்டும் நீளமாக வெட்டி நடுவில் ஓடவிட்டால் சட்டிகளுக்கு அடியிலும் அது கிடக்கும், இடமும் பிடிக்காது. வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை பட்டுவிட்டால் பதற வேண்டாம். சவர்க்காரம் போட்டதும் சிவக்கும், அது சவர்க்காரத்தின் காரத்துக்கு மஞ்சள் நிறம் மாறுவது. அலசிவிட்டு நல்ல வெயிலில் போட்டால் மங்கிவிடும். ஐப்பசியில் வெயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

விருந்து முடிந்த அடுத்த நாள் அந்தப் பூசணியைக் கறிக்கு எடுங்கள். விதையைக் கழுவிச் சாம்பலில் பிரட்டி நிழலில் காயவைத்தால் அடுத்த முறை வேலி ஓரத்தில் ஊன்றலாம்.