கேள்வித்தாளோடு கடற்கரைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள் (நானும் செய்தவைதான்)

ஏப்ரல் பிறந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, எம்.ஏ. இதழியல் ரெண்டாவது வருஷம். மீனவர்கள் மத்தியில டிஜிட்டல் தொடர்பு எப்படி இருக்குன்னு ப்ராஜெக்ட். பாம்பன்ல யாரைப் பாக்கலாம்?" மதுரை, சென்னை, திருநெல்வேலி என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். நான் ராமேஸ்வரம் தீவில் பாம்பனை அடுத்த தங்கச்சிமடத்துக்காரன், இதே படிப்பைப் படித்தவன் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் போய்க் கூட்டிவந்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேள்வித்தாளைக் கேட்பேன்.

இந்த வருடம் வந்த தம்பியின் தாளில் நாலாவது கேள்வி: "உங்களிடம் ஸ்மார்ட்போன் உள்ளதா? ஆம் / இல்லை." ஐந்தாவது: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயன்படுத்துகிறீர்கள்?" 2018-இல் நான் அச்சடித்த தாளிலும் இந்த இரண்டும் இதே வரிசையில்தான் இருந்தன. என் தாளை எங்கேயாவது பிடித்து நகலெடுத்துவிட்டானோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இல்லை. இந்தத் தவறு யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

மேற்கோள் முறை, கருத்துத் திருட்டு, மாதிரி எண்ணிக்கை இதையெல்லாம் உங்கள் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். அவர் மேசையில் உட்கார்ந்து பார்க்க முடியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

தலைப்பில் 'தாக்கம்'

"மீனவர் வாழ்வில் சமூக ஊடகங்களின் தாக்கம்: ஓர் ஆய்வு." எனக்கு வரும் தலைப்புகளில் முக்கால்வாசி இப்படித்தான். தாக்கம் என்று சொல்ல வேண்டுமானால் முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது, இடையில் வேறெதுவும் அந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை என்று மூன்றையும் காட்ட வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதே வருட நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போய், ரொக்கத்தில் நடந்த மீன் ஏலம் ஆட்டம் கண்டது. அடுத்த வருட நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். அப்புறம் புயல் எச்சரிக்கை என்றாலே கரையில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. இதில் எந்த மாற்றத்தை வாட்ஸ்அப் கணக்கில் எழுதுவீர்கள்? மூன்று நாள் தங்கி ஒரே தடவை எடுக்கும் சர்வேயில் தாக்கம் அகப்படாது. 'பயன்பாடு' என்று போடுங்கள். தலைப்பு சப்பென்று இருக்கும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்ட மாட்டீர்கள்.

தடைக்காலத்தில் களப்பணி

கல்லூரிக் காலண்டர் உங்களை அனுப்பும் நேரமும் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாக வருகின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் ஏறி பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும். ஆட்கள் படகு நிழலில் சாய்ந்து யூடியூப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போய், நாளுக்கு நாலு மணி நேரம் என்று குறித்துக்கொண்டு, "மீனவர்கள் காணொளிக்கு அடிமை" என்று முடிவு எழுதிவிடுகிறீர்கள். அதே ஆளை ஆகஸ்டில், கடலுக்குப் போய்விட்டு வந்து தூங்கி எழுந்த மாலையில் கேட்டுப் பாருங்கள்.

வேறு மாதத்தில் வர வழியே இல்லை என்றால், நாட்டுப்படகுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. எந்த மாதத்தில் எடுத்த தரவு என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

போன் வைத்திருப்பவர்தான் பயன்படுத்துபவர் என்று நினைப்பது

எனக்கு இன்னும் ஆற மாட்டாமல் இருப்பது இதுதான்.

2018-இல் நாலு மாதம் படகு அணையும் ஜெட்டியில் நின்று 214 தாள் நிரப்பினேன். வெயிலில் நின்றேன், ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து எழுதினேன், மீன் தண்ணீர் பட்டுப் பாதித் தாள் ஊறிப்போயின. 171 பேர் 'ஆம்'. வட்ட வரைபடம், பட்டை வரைபடம், வயதுவாரி அட்டவணை எல்லாம் பளபளவென்று தயார். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா தாள்களைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த 171 போன்ல எத்தனை போனை ஒரே ஆள் மட்டும் தொடுறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டு அத்தியாயத்தைத் திருப்பி எழுதச் சொன்னார்கள். ஒரு வருடம் போனது. அதில் ஓர் உதவித்தொகை விண்ணப்பமும் தவறியது.

ஆத்திரம் தேர்வாளர் மேல் இல்லை. பதில் எங்கள் வீட்டிலேயே, தையல் மிஷின் மேல் கிடந்தது. அப்பா கடலுக்குப் போகும்போது பட்டன் போனை ஜிப் கவரில் போட்டு எடுத்துப் போவார். ஸ்மார்ட்போன் வீட்டில்தான் இருக்கும். ஒரு மூலை உடைந்து செல்லோடேப் ஒட்டிய போன். சிம் அப்பா பெயரில். வாட்ஸ்அப்பில் இருக்கும் படம் தம்பியுடையது. ரீசார்ஜ் போடுவது சவூதியில் இருக்கும் சித்தப்பா. பூட்டைத் திறக்கும் கோடு தங்கைக்குத்தான் தெரியும், அவளுடைய கல்லூரிக் குழுவும் அதில்தான். ராத்திரி ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து திண்ணையில் உட்காருவார், அவர் மகன் கூப்பிடும் நேரம் அது. அம்மாவின் மகளிர் குழுத் தவணைச் செய்தியும் அந்தப் போனுக்கே வரும்.

இப்போது என் தாளை எங்கள் அப்பாவிடம் நீட்டியிருந்தால்? "ஆம். அரை மணி நேரம்." அம்மாவிடம் நீட்டியிருந்தால்? "இல்லை." என் ஆய்வேட்டின்படி அம்மா டிஜிட்டல் வசதி எட்டாத பெண்மணி. ஆனால் இலங்கைக் கடற்படையிடம் படகு ஒன்று பிடிபட்டது என்று செய்தி வரும் நாளில் எங்கள் தெருவில் முதலில் வாய்ஸ் நோட் கேட்பவர் அவர்தான். ஸ்பீக்கரில் போட்டு, "இரு மதினி, மறுக்கா கேப்போம்" என்று மூன்று தடவை ஓடவிட்டு, குரலை வைத்தே பேசியது யார், பதற்றத்தில் பேசுகிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவார். எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது இதை? நான் அடிக்கவில்லை. ஜெட்டிக்குப் பெண்கள் ஏலம் எடுக்க வந்தார்கள், அவர்களையும் 'போன் இல்லை' என்ற வரிசையில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

தென்கடல் (மன்னார் வளைகுடா) தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களிடமும் இதே கதைதான். தண்ணீரில் முங்கி எடுக்கிற வேலைக்கு யார் போனைக் கொண்டுபோவார்கள்? அது பிள்ளையிடம் இருக்கும். நீங்கள் கரையில் கேட்டால் "எங்கிட்ட ஏதுப்பா போனு" என்பார்கள். அது முழு உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி சிக்கலானது ஒன்றுமில்லை. ஆளை விட்டுவிட்டுப் போனைப் பின்தொடருங்கள். தெரிந்த வீடாகப் பார்த்து, அனுமதி கேட்டு, காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை ஒரு போனின் ஒரு நாளை எழுதுங்கள். எத்தனை மணிக்கு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எதற்கு, படித்தது யார், படித்துக் காட்டச் சொன்னது யார், திருப்பிக் கேட்டதும் பிடுங்கியது யார். பத்து வீட்டில் இப்படி எழுதிவிட்டு அப்புறம் கேள்வித்தாள் அடியுங்கள். கேள்வியே மாறிவிடும். "உங்களிடம் போன் உள்ளதா" என்பது போய், "நேற்று ராத்திரி இந்தப் போன் கடைசியாக யாரிடம் இருந்தது" என்று கேட்பீர்கள். மணிக்கணக்கைக் கேட்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். மனதில் தோன்றும் நேரமும் போனே பதிவு செய்யும் நேரமும் பெரிதாக ஒத்துப்போவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகு இந்த வருடத் தம்பி கேட்டான்: "சரிண்ணே, அப்ப இதை எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல எப்படி ஏத்துறது?" நான் இன்னொரு டீ சொன்னேன்.

கேரளத்து மத்தியை இங்கே பொரிப்பது

மீனவர், போன் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்துவிட்டால் இரண்டாம் அத்தியாயத்தில் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் வந்துவிடுவார். 2007-இல் வெளியான அவருடைய கட்டுரை, 1997-லிருந்து வட கேரளக் கரையில் செல்போன் சேவை பகுதி பகுதியாக வந்தபோது மத்தி (சாளை) மீன் விலைக்கு என்ன நடந்தது என்று பார்த்தது. கடலிலிருந்தே கூப்பிட்டு விலை கேட்டு, விலை உள்ள கரைக்குப் படகை விட்டார்கள். ஊருக்கு ஊர் இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. வாங்க ஆளில்லாமல் வீணான மீன் குறைந்தது. சேவை எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வராததால் அவரால் முன்னையும் பின்னையும் ஒப்பிட முடிந்தது. 'தாக்கம்' என்று எழுத அவருக்கு உரிமை உண்டு.

அந்த முடிவை அப்படியே தூக்கி எங்கள் பக்கத்து மண்டபம் கரையில் வைக்காதீர்கள். இங்கே பல படகுக்காரர்கள் மீன் கம்பெனிக்காரரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்கியிருப்பார்கள். வலைக்கு, இன்ஜினுக்கு, மகள் கல்யாணத்துக்கு. மீன்பாடு அவருக்குத்தான் போகும். போன் விலையைச் சொல்லும், முன்பணத்தை யார் அடைப்பது? "இன்றைய விலை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். "தெரிந்து, வேறு ஆளுக்குக் கொடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். அந்தப் பதில் வருவதற்கு முன்னால் உள்ள அமைதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபார்வர்ட் செய்தவர் நம்பினார் என்பது

வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்பு இருந்தால், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கை மாறி வந்தது என்று பொருள். 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு (தனி ஆளோ குழுவோ) மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இதெல்லாம் செய்தி எப்படிப் பயணித்தது என்று சொல்லும். அனுப்பியவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்லாது.

கார்த்திகையில் ஒரு புயல் சமயம், எந்த நாட்டிலோ எடுத்த பழைய ராட்சத அலை வீடியோ ஒன்றைப் 'பாம்பனில் இப்போது' என்று எங்கள் அத்தை எனக்கு அனுப்பினார். பாம்பனில் நின்றுகொண்டேதான் அனுப்பினார்! "உண்மைன்னு நெனச்சா அனுப்புனீங்க?" என்று கேட்டேன். "உண்மையா பொய்யான்னு பாத்துச் சொல்லத்தானடா ஒனக்கு அனுப்புனேன்" என்றார். அதற்குப் பிறகு 'வதந்தி பரப்புவோர்' என்ற தலைப்பில் அட்டவணை போட எனக்குக் கை வரவில்லை.

கூகுள் ஃபார்ம்

கடலுக்குப் போகிறவர் நிரப்ப மாட்டார். அவர் மகன் நிரப்புவான்.

குழுவில் நுழைந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது

சில வருடம் முன்பு நான் ஒரு மாணவரைப் படகுக்காரர்கள் குழு ஒன்றில் சேர்த்துவிட்டேன். அவர் ஒரு கருத்தரங்கில் அந்தக் குழுவின் திரையை அப்படியே ஸ்லைடில் போட்டுவிட்டார். பெயர், எண், பிடிபட்ட படகின் விவரம் எல்லாம் தெரிந்தன. பார்வையாளர் வரிசையில் நம்ம ஊர்ப் பையன் ஒருவன் இருந்தான். படம் எடுத்து அதே குழுவில் போட்டான். அட்மின் அந்த மாணவரைத் தூக்கினார், கையோடு என்னையும் தூக்கினார். இன்றுவரை திரும்பச் சேர்க்கவில்லை.

2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு என்று வாதாடுவீர்கள். சரி, அதை அந்த அட்மினிடம் போய்ச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் மறைப்பதும் போதாது. இங்கே படகின் நிறத்தைச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். வாய்ஸ் நோட் என்றால் கேட்கவே வேண்டாம். குழுவில் சேர்ந்த முதல் நாளே நீங்கள் யார், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று நீங்களே குரலில் சொல்லுங்கள். எழுதிப் போட்டால் படிக்க மாட்டார்கள். மேற்கோள் வேண்டுமானால் பேசியவரிடம் தனியாகக் கேளுங்கள்.

மொபைல் ஆப்பை மட்டும் தேடுவது

படகில் வயர்லெஸ் செட் இருக்கிறது. கோவிலிலும் பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் மைக் இருக்கிறது. 2016-இல் பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி 90.4-இல் இருக்கிறது. ஒரே காற்று எச்சரிக்கை இவை எல்லாவற்றின் வழியாகவும் ஒரு வீட்டுக்குள் வரும். வாட்ஸ்அப்பில் வந்ததை மட்டும் எண்ணினால் மற்றதெல்லாம் எங்கே போகும்?

ஏஐ தந்த நூற்பட்டியல்

இல்லாத கட்டுரையைப் பக்க எண்ணோடு தரும். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

ஊரில் படித்துக் காட்டாமல் சமர்ப்பிப்பது

திருத்தி எழுதிய என் இரண்டு அத்தியாயத்தையும் கொடுப்பதற்கு முன்னால், முதல் தாள் நிரப்பிய பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்த் தமிழில் சொல்லிக் காட்டினேன். பகிர்ந்த பயன்பாடு, தொடர்புக் கட்டமைப்பு என்று நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வலையைத் தைத்தார். ஆனி மாதம் ஒரு வீட்டில் எழுதிய போன் நாட்குறிப்பு வந்ததும் கையை நிறுத்தினார்.

"தம்பி, வாடைக் காத்துல சிக்னல் கிடைக்கலன்னு போட்டிருக்க. ஆனியில ஏதுப்பா வாடை? அது கச்சான். மாத்து."