பஸ் நிறைய ஆள் வந்தும் ஊருக்கு ஒன்றும் வரவில்லை

புதிதாக ஒயின் சுற்றுலாவில் இறங்கப்போகும் ஒருவர் போன வாரம் தன் திராட்சைத் தோட்டத்தின் வரைபடத்தை விரித்துக் காட்டினார். வாசலை ஒட்டி நாலு பஸ் நிற்க இடம், பக்கத்தில் 100 பேர் உட்கார்ந்து ஒயின் சுவைக்கும் கூடம், உணவகம், கடை, பின்னால் தங்கும் அறைகள். பல வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே படம். தலைப்பில் ‘கிராம வளர்ச்சி’ என்று வேறு எழுதியிருந்தார். நானும் எழுதியிருந்தேன்.

கழிப்பறைச் சுத்தம், வழிகாட்டிப் பலகை எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். அவரிடம் நான் சொன்ன மற்றத் தவறுகள் இவை.

தலைகளை எண்ணுவது

நான் செய்ததிலேயே அதிகச் செலவு வைத்த தவறு இது. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ஒரு டூர் ஏஜென்ட் பருவம் முழுக்க பஸ் அனுப்புவதாகச் சொன்னார். சுவைத்துப் பார்க்கக் காசு வாங்கக் கூடாது, விற்கும் பாட்டிலில் அவருக்குக் கமிஷன். கூட்டம் வந்தால் போதும் என்று தலையாட்டினேன். பஸ்ஸுக்கு 40 பேர், முக்கால் மணி நேரம். ஆளுக்கு நாலு ஒயின் என்றால் 160 கிளாஸ். கழுவி முடிப்பதற்குள் அடுத்த பஸ் ஹாரன் அடிக்கும். டிரைவர் ஏசிக்காக எஞ்சினை அணைக்கவே மாட்டார். அந்த டீசல் வாடையில் ஒயினின் மணத்தை யார் கண்டார்கள்?

அறுவடை வந்ததும் தண்ணீர் போதவில்லை. ஒரு லிட்டர் ஒயின் தயாராவதற்குள் தொட்டியும் குழாயும் பீப்பாயும் கழுவவே பல லிட்டர் போய்விடும், அதுவும் பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில். அதே வாரங்களில் கூட்டத்தையும் வரவழைத்து வைத்திருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் கிணறு இறங்கியது. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஊர் பேக்கரிக்காரரிடம், “கூட்டம் வரும், கூடுதலாகப் போடுங்கள்” என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஒரு சாயங்காலம் மீந்த ரொட்டியைக் கூடையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்க?”

“இருநூறு.”

“என் கடைக்கு ஒருத்தர்கூட வரலையே.”

எப்படி வருவார்கள்? சாப்பாடு, கடை எல்லாம் என் மதிலுக்குள். பஸ் ஊருக்குள் நிற்கக் காரணமே இல்லை. ஊருக்குக் கிடைத்தது புழுதிதான்.

பிரான்சின் அல்சாஸ் ஒயின் சாலையைப் பாருங்கள். 1953-இல் திறந்தது, ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஊர் ஊராக நுழைந்து போகிறது. ஓர் ஊரில் சுவைத்து, அடுத்த ஊரில் சாப்பிட்டு, இன்னோர் ஊரில் தூங்கலாம். கலிபோர்னியாவின் நாபா 1990-இலேயே, புதிய ஒயின் ஆலைகள் முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் சுற்றிக்காட்டிச் சுவைக்கக் கொடுக்கலாம் என்று விதி போட்டது.

அடுத்த பருவம் ஏஜென்டை விட்டேன், உணவகத்தை மூடினேன். முன்பதிவு, சுவைக்கக் கட்டணம், பாட்டில் வாங்கினால் அந்தக் கட்டணம் விலையில் கழியும். நடை ஊர்ச் சதுக்கத்திலிருந்து தொடங்கும். ரொட்டி அந்த பேக்கரியிலிருந்து, அவர் பெயர் எழுதிய சீட்டோடு. ஆள் பாதிக்கும் கீழே போனது, வரவு அவ்வளவு இறங்கவில்லை. இப்போது மாதக் கடைசியில் நான் கூட்டிப் பார்ப்பது ஒன்றுதான்: ரொட்டி, சலவை, டாக்ஸி, அறை என்று மதிலுக்கு வெளியே எவ்வளவு போனது?

செருப்போடு கொடிகளுக்கு நடுவில் விடுவது

படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி, செருப்பில் ஒட்டிய மண்ணிலும் பயணம் செய்யும். நேற்று எந்தத் தோட்டத்தில் நடந்தார் என்று விருந்தாளிக்கே நினைவிருக்காது. ஆஸ்திரேலியாவில் வரிசைக்குள் நடக்காதீர்கள் என்று பலகையே வைக்கிறார்கள். பார்ப்பதற்குத் தனிப் பாதை போடுங்கள்.

கொடியைப் பிடுங்கி அறை கட்டுவது

புதுக் கொடி ஒழுங்காகக் காய்க்கவே மூன்று வருடம் ஆகும். விருந்தாளிகளைத் தங்கவைக்க ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள்.

சான்றிதழுக்கு முன்னால் ‘ஆர்கானிக்’ பலகை

மாட்டாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கொடித் தோட்டம் ஆர்கானிக் முறைக்கு மாறவே மூன்று வருடம்.

குடித்தவரை ஓட்ட விடுவது

சுவைத்த ஒயினைத் துப்பப் பாத்திரம், திரும்பிப் போக ஊர் டாக்ஸி. இதில் பேச்சே இல்லை.

அறுவடையை மட்டும் நம்புவது

குளிர்காலக் கவாத்துக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டுப் பாருங்கள். கத்தரியைக் கையில் கொடுத்து, எந்தக் கிளையை விடுவது, எதை வெட்டுவது என்று காட்டினால் அரை நாள் ஓடிவிடும். அப்புறம் பசிக்கும், ஊருக்குள் போவார்கள். ஆளில்லாத மாதத்தில் அறை நிறைவது வீட்டுக்காரருக்குப் பெரிய விஷயம்.

எல்லாம் கேட்டுவிட்டு வரைபடக்காரர் பென்சிலை எடுத்து இரண்டு பஸ்ஸை அடித்தார். மீதி இரண்டையும் அடிப்பாரா தெரியாது. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.